நாற்பது நாள் கிசுகிசுத்த ஆல்பம்

எங்கள் முதல் ஆல்பத்தைப் பற்றி இணையத்தில் ஒரே ஒரு விமர்சனம்தான் வந்தது. சென்னையில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியது. எட்டுப் பாட்டிலும் ஒரு இடத்தில்கூடக் குரல் உயரவில்லை, முழுக்கக் கிசுகிசுப்பு, டிரம்ஸ் இல்லை, தாளத்துக்கு ஒரு மரக்கட்டை மட்டும், தமிழ் ஹிப்ஹாப்பில் இப்படியொரு சோதனையைச் செய்ய அசாத்தியத் துணிச்சல் வேண்டும் என்று நாலு பத்தி எழுதியிருந்தார். நடுவில் மௌனத்தின் அரசியல் என்றும் ஏதோ வந்தது. நானும் என் கூட்டாளியும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து அதை மாற்றி மாற்றிப் படித்தோம். முடித்ததும் அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டான்.

"மச்சான், அவ்ளோ பெரிய ஆளுங்களாடா நாம?"

அரசியலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாங்கள் கிசுகிசுத்தது பயத்தில். நாங்கள் பதிவு செய்த அறையின் சுவருக்கு அந்தப் பக்கம், கோயில் காரியங்களைக் கவனிக்கிற உபதேசியாரின் வீடு இருந்தது, காலம் தவக்காலம். துணிச்சல் என்று எங்களிடம் ஏதாவது இருந்திருந்தால் அந்த ஆல்பமே வந்திருக்காது.

எங்கள் ஊர் முகையூர்ப் பக்கம். பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை நாற்பது நாளும் கல்யாணம் கிடையாது, மஞ்சள் நீராட்டு கிடையாது, கறி கிடையாது, குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது கிடையவே கிடையாது. இதில் கறி மட்டும் சில வீடுகளில் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும். பக்கத்து வீட்டுக்காரரும் கண்டுகொள்ள மாட்டார், ஏனென்றால் நாளைக்கு அவர் வீட்டிலிருந்தும் வாசனை வரும். பாட்டுச் சத்தத்தை மட்டும் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். 1993இல் நான் பிறந்தேன், அதே வருடம் அவர் முதல் ஆம்ப்ளிஃபயரை வாங்கினார். "ரெண்டும் ஒரே வருசம் வூட்டுக்கு வந்துது. ஒண்ணு இன்னும் ஒழுங்கா வேல செய்யுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். எது என்று யாரும் கேட்டதில்லை.

இருபது வருடம் ஜெனரேட்டருக்கும் குழாய் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று நின்று அவருக்குக் காது பாதி போய்விட்டது. கத்திப் பேசினால் கேட்கும். மெதுவாகப் பேசினால் நம் வாயைப் பார்த்துத் தோராயமாக ஒரு பதில் சொல்வார், பத்தில் நாலு பொருந்தும். அம்மா அவரிடம் உப்பு போதுமா என்று கேட்டாலே புதிதாகக் குடிவந்தவர்கள் சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தக் காதை வைத்துக்கொண்டு எப்படித் தொழில் செய்தார் என்றால், முள்ளைப் பார்த்துத்தான். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்துக்கு ஏற்ப ஆடுகிற முள் ஒன்று இருக்கும். முள் படுத்துக் கிடந்தால் வால்யூமை ஏற்றுவார், சிவப்பில் போய் முட்டினால் இறக்குவார். காதால் கேட்பவர்களைவிட அவர் வைக்கிற அளவு சரியாக இருக்கும் என்பது சுற்று வட்டாரத்தில் அவருக்கு இருந்த பேர்.

மைக் சோதிக்கும்போது உலகத்தில் எல்லோரும் ஒன், டூ, த்ரீ என்பார்கள். நான் இன்ஜினீயரிங் சேர்ந்த நாளிலிருந்து அப்பா அதை விட்டுவிட்டார். "ஹலோ... ஹலோ... பி.இ., ஈ.சி.ஈ., மொதல் வருசம்" என்பார். கேட்டால் ஒரு தொழில் விளக்கம் வைத்திருந்தார்: பி சொன்னால் மைக் அடிக்கிறதா என்று தெரியும், சி சொன்னால் சீறுகிறதா என்று தெரியும். அடுத்த வருடம் அது "ரெண்டாவது வருசம்" ஆனது. சாவு வீட்டில் குழாய் கட்டினாலும் முதலில் என் படிப்பு, அப்புறம்தான் இறந்தவர் பெயர். எனக்கு மானம் போகும். கூடப் படித்தவர்களிடம் அவரைப்போலவே பேசிக் காட்டிச் சிரிப்பேன்.

என்னைச் சேர்ப்பதற்காக அவர் ஜெனரேட்டரை விற்றிருந்தார். அதற்குப் பிறகு எந்த விசேஷம் வந்தாலும் பக்கத்து ஊருக்குப் போய் இன்னொருவனிடம் கெஞ்சி ஜெனரேட்டர் எடுத்து வருவார். இதை அவர் ஒரு நாளும் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நான் கொஞ்சம் கோபமாவது பட்டிருக்கலாம்.

இரண்டாவது வருடக் கடைசியில் எனக்குப் பதினோரு பேப்பர் தேறாமல் நின்றன. வகுப்புக்கு வந்த நாள் போதாது என்று பெயரையும் அடித்துவிட்டார்கள். மறுபடி சேர்வதற்கு வழி இருந்தது, பெற்றோரைக் கூட்டிவர வேண்டும். ஒரு நாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது, பெரிய முடிவெல்லாம் எதுவும் எடுக்கவில்லை.

ஆனால் எட்டு மணி பஸ்ஸை மட்டும் விடவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸோடு தினமும் விழுப்புரம் போய் இறங்குவேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் எந்நேரமும் எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பேராவது நிற்பார்கள். ஒருவருக்கு ஆஸ்பத்திரி, ஒருவருக்குக் கோர்ட், ஒருவருக்குக் கலெக்டர் ஆபீஸ். அதனால் அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறித் திண்டிவனம் போய்விடுவேன். திண்டிவனத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. எனக்கும்தான் இல்லை.

அங்கேதான் அவனைப் பார்த்தேன். தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிடுகிற வேலை, என் வயதுதான். "ஒலக்கூர் அச்சரப்பாக்கம் மதுராந்தகம் செங்கல்பட்டு, ஏறு ஏறு ஏறு" என்று ஒரே மூச்சில் இழுப்பான். அடுத்த பஸ்ஸுக்கு அதையே வேறு தாளத்தில் வெட்டி வெட்டிப் போடுவான். ஊர்ப் பெயர்களை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டு மூச்சு முட்டுகிற இடத்தில் சரியாக விசில் அடிப்பான். நான் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்டேன். கடைசியில் அவனே வந்தான்.

"இன்னாப்பா, காலையிலேர்ந்து ஒக்காந்துகினு கீற? எங்க போவணும்?"

"எங்கயும் இல்ல."

"அதுக்கு பஸ்ஸு கெடையாது" என்றான்.

மதியம் தயிர் சாதத்தை இரண்டாகப் பங்கு போட்டோம். அவன் போனில் ஒரு மெமரி கார்டு முழுக்க அமெரிக்க ராப் இருந்தது. ஒரு வார்த்தை புரியாது அவனுக்கு. ஆனால் பாடுகிறவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறான், எந்த இடத்தில் வாங்காமல் ஏமாற்றுகிறான் என்று துல்லியமாகச் சொல்வான். நான் எழுதுவேன், அவன் கத்துவான் என்று பேசி ஒரு வாரத்தில் குழு ஆரம்பித்துவிட்டோம். குழுவுக்கு மூன்று பெயர் வைத்தோம். மூன்றும் வெளியில் சொல்லும்படி இல்லை.

பத்து மாதம் பேர் வைப்பதிலும் போட்டோ எடுப்பதிலும் போயிற்று. ஸ்டுடியோவுக்கு வழியில்லை. அப்போதுதான் தவக்காலம் வந்தது. அப்பாவின் மைக் செட் அறை கோயில் மதிலை ஒட்டி இருந்தது. நாற்பது நாளும் மைக், மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் துணி போர்த்திச் சும்மா கிடக்கும். பந்தலுக்கு வாடகைக்கு விடுகிற ஜமக்காளங்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். அவனைக் கூட்டிவந்து காட்டினேன். ஜமக்காளத்தைத் தட்டிப் பார்த்தான், காதை வைத்துப் பார்த்தான்.

"டாய், ஸ்டுடியோவ வூட்ல வச்சிக்கினு என்னாண்ட பிச்ச எடுக்கிறியே" என்றான்.

அப்பாவிடம் கேட்டேன். கேட்டேன் என்றால், கத்தினேன். ரெக்கார்டிங் எதற்கு என்றார்.

"காலேஜ் ப்ராஜெக்டுப்பா!"

யோசிக்காமல் வாயில் வந்த பொய். அவர் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார்.

"சவுண்டுலயா?"

"ஆமாம்பா!"

என் அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாளுக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, மைக் செட்டுக்காரர் மகன் சவுண்டிலேயே ப்ராஜெக்ட் பண்ணுகிறான் என்று. எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"வெளிய ஒரு சத்தம் வரக் கூடாது. தவக்காலத்துல மைக் செட்டுக்காரன் வூட்லயே பாட்டுன்னு சாமியார் காதுல வுழுந்தா, பெரிய வெள்ளி வேல வேற ஆளுக்குப் போயிடும். பாத்துக்கோ."

பெரிய வெள்ளியும் ஈஸ்டரும்தான் வருடத்தில் அவருக்குப் பெரிய வேலை. அதனால்தான் கிசுகிசுத்தோம். விமர்சகருக்கு இது தெரியாது, பாவம்.

கிசுகிசுப்பது எளிது என்று நினைக்கிறவர்கள் நாள் முழுக்கப் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறவனோடு வேலை செய்து பார்க்க வேண்டும். முதல் நாள் அவன் கிசுகிசுத்தது உபதேசியார் வீட்டு நாயை எழுப்பிவிட்டது. அப்புறம் இரண்டு பேர் தலையிலும் ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு, நடுவில் மைக்கை வைத்து, பங்குனி வெயிலில் வெந்துகொண்டே பதிவு செய்தோம். பள்ளியில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் எல்லாம் ஏறியது. மூன்றாவது பாட்டில் ஒரு தும்மல் வரும். உடல் தன் இருப்பை அறிவிக்கிற கணம் என்று விமர்சகர் அதைப் பாராட்டியிருந்தார். அது ஜமக்காளத் தூசி.

தாளத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. டிரம்ஸ் சத்தம் வெளியே போகும். பெரிய வியாழன் இரவிலிருந்து ஈஸ்டர் வரை கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள், மணிக்குப் பதில் பலகையில் பொருத்திய ஒரு மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்த வருடம் அதன் ஆணி கழன்று, பழுது பார்க்க அப்பாவிடம் வந்திருந்தது. டக், டக், டகடக் என்று வறட்டுச் சத்தம். சாகப் போகிறவர் நெஞ்சு மாதிரி இருந்தது. அது போதும் என்று எட்டுப் பாட்டுக்கும் அதையே வைத்துக்கொண்டோம். யாராவது கேட்டால் கட்டையைச் சரிபார்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பேஸ் வேண்டும் என்று அவன் அடம் பிடித்தான். மதியத் தூக்கத்தில் அப்பா விட்ட குறட்டையை எடுத்து வேகத்தைக் குறைத்துப் போட்டோம். ஆல்பத்தில் ஒழுங்காகச் சுருதி சேர்ந்தது அது ஒன்றுதான்.

தினமும் நாலு மணிக்கு அப்பா டீ கொண்டுவருவார். கதவைத் தட்டாமல் காலால் தள்ளிக்கொண்டு வருவார். ஜமக்காளத்துக்குள் இரண்டு தடிமாடுகள் வியர்வையோடு கிசுகிசுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தும் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. "மார்க்கு நல்லா போடுவாங்களா?" என்று அவனைக் கேட்பார். அவன் என்னைப் பார்ப்பான். "போடுவாங்கப்பா!" என்று நான் கத்துவேன். அவர் போனதும் என் டீயையும் அவன் பக்கம் தள்ளிவிடுவேன்.

நான் எழுதிக் கொடுத்த பாட்டெல்லாம் துப்பாக்கி, கேங்கு, எதிரி என்று இருந்தது. ஒரு நாள் அவன் நோட்டைத் தூக்கிப் போட்டான்.

"நீ எங்கடா துப்பாக்கி பாத்த? திருவிழாவுல பலூன் சுடுறதா? ஒனக்கு இன்னா பயமோ அத எழுது. சும்மா பேஜார் பண்ணாத."

எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. அதை எழுதினேன்.

அப்பா, ஒனக்குக் காது மந்தம், அதான் எனக்கு தைரியம்,
காலேஜ் போயி வருசமாச்சு, காலையில என்னா காரியம்?
திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு, தெனந்தோறும் ரெண்டு டீ,
ஜெனரேட்டர வித்த மனுசா, ஜெயிக்கல நான், சாரி.

இன்னும் நீளும். பதினோரு பேப்பரும் அதில் வரிசையாக வரும். அதை நானேதான் பாட வேண்டும் என்றான் அவன். சரி என்றேன். அன்றைக்கு அப்பா அறையைவிட்டுப் போகவில்லை. ஏதோ ஒயரைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. எனக்கு நாலடி தூரத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவன் கண்ணாலேயே பாடு என்றான். நான் ஜமக்காளத்தை இழுத்துக்கொண்டு, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, முழுப் பாட்டையும் கிசுகிசுத்தேன். ஒரே டேக். நடுவில் ஒரு முறை அவர் இருமினார். பாடி முடித்தபோது திரும்பிப் பார்த்து, நல்லா வருதா என்பதுபோல் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நானும் உயர்த்திக் காட்டினேன். அதைவிடக் கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. அதே நேரத்தில், நல்ல டேக் என்றும் தோன்றியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறு அன்று லேப்டாப் படுத்துவிட்டது. அதற்கு முந்தின நாள் எட்டுப் பாட்டையும் ஒரு பென் டிரைவில் ஏற்றியிருந்தோம். பிழைத்தது அது மட்டும்தான். அந்தப் பென் டிரைவ் அப்பாவுடையது, பெரிய வெள்ளிக்கு வைத்திருந்தது. சிலுவைப் பாதையின் பதினான்கு ஸ்தலங்களுக்கும் வாசகமும் பாட்டுமாகப் பதினான்கு ஃபைல்கள் அதில் இருந்தன. எங்கள் ஆல்பத்துக்குப் பதினைந்திலிருந்து இருபத்திரண்டு வரை எண் கொடுத்து அதே ஃபோல்டரில் ஒளித்துவைத்தது கூட்டாளியின் மூளை. கர்த்தருடைய பாடுகளுக்குப் பின்னால் போய் எவன் தேடப் போகிறான் என்றான்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஏனென்றால் வருடா வருடம் பெரிய வெள்ளியன்று பிளேயர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறவன் நான். பதினான்காவது முடிந்ததும் நிறுத்திவிடுவேன். சனிக்கிழமை அவனிடம் பென் டிரைவைக் கொடுத்துவிட்டால் திண்டிவனத்தில் சி.டி. போட்டுக்கொள்வான். அவ்வளவுதான் திட்டம்.

பெரிய வெள்ளி மதியம் கோயில் மைதானத்தில் சிலுவைப் பாதையை நடித்துக் காட்டுவார்கள். இயேசுவாக எங்கள் தெருப் பெயின்டர், தாடி சொந்தத் தாடி. அந்த வருடம் படைவீரர்களில் ஒருவனுக்குச் சென்னையிலிருந்து பஸ் கிடைக்கவில்லை. மூன்று நாள் லீவுக் கூட்டம். உபதேசியார் அட்டைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். உயரமாக இருந்தது நான்தான்.

"பிளேயர யாரு பாக்குறது?" என்றேன்.

"ஒங்கப்பா இருக்காரில்ல? பட்டன்தான அமுக்கணும்? ஜல்தி வாடா" என்று தொப்பியை என் தலையில் கவிழ்த்தார்.

அப்பாவிடம் ஓடிப்போய், பதினாலு முடிஞ்சதும் நிறுத்திடுப்பா என்று கத்தினேன். தலையாட்டினார். கூட்டத்து இரைச்சலில் என் வாயைப் பார்த்துத் தோராயமாகப் புரிந்துகொண்டு ஆட்டிய தலை அது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

பதினான்காவது ஸ்தலத்தில் இயேசுவைக் கல்லறையில் வைத்தார்கள். மூங்கில் கட்டி, சாக்குப் போர்த்தி, பாறை மாதிரி சாயம் அடித்த கல்லறை. அதன் வாசலில் ஈட்டியோடு இரண்டு வீரர்கள் அசையாமல் நிற்க வேண்டும். ஒருவன் நான். மைதானத்தில் ஆயிரம் பேர் முழங்காலில் இருந்தார்கள். பாட்டு முடிந்தது. மரக்கட்டை மூன்று முறை ஒலித்தது. அது கோயில் கட்டை. ஐந்து விநாடி அமைதி. மறுபடியும் மரக்கட்டை ஒலித்தது. டக், டக், டகடக். அது எங்கள் கட்டை.

கூட்டாளியின் குரல் வந்தது. எங்கள் முதல் பாட்டு அவன் தினமும் கத்துகிற ஊர்ப் பெயர்களைக் கிசுகிசுப்பாகக் கோத்தது. நாலு குழாயிலிருந்தும் மெல்ல இறங்கியது. ஒலக்கூர்... டக். அச்சரப்பாக்கம்... டக். பெயர், ஓர் இடைவெளி, பெயர், ஓர் இடைவெளி. சின்ன வயதிலிருந்து மன்றாட்டு மாலை சொல்லிப் பழகிய கூட்டம் அது. ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் பதில் சொல்லியே வளர்ந்தவர்கள். முன்வரிசையிலிருந்த கிழவிகள் கண்ணை மூடியபடி ஆரம்பித்தார்கள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

மதுராந்தகம் வருவதற்குள் மைதானம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. செங்கல்பட்டே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். பங்குச் சாமியார் தலையை நிமிர்த்தி உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் இது சாமியார் ஏற்பாடு என்று நினைத்துப் பக்தியோடு தலை குனிந்தார். கல்லறைக்குள்ளிருந்து இயேசு கேட்டார்.

"டேய், புதுப் பாட்டாடா? நல்லா கீதே."

நான் அப்பாவைப் பார்த்தேன். மைதானத்து ஓரத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிசுகிசுப்புக்கு முள் எங்கே எழும்? படுத்தே கிடந்திருக்கும். ஏதோ குறைகிறது என்று வால்யூமை ஏற்றினார். அப்புறமும் ஏற்றினார். பக்கத்தில் இருந்த சின்ன பாக்ஸ் ஸ்பீக்கரை இழுத்து வைத்து அதன்மேல் காதைச் சாய்த்தார்.

ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். பல வருடமாக யோசிக்கிறேன், ஏன் ஓடவில்லை என்று. பக்கத்து வீரன், "ஆடாதடா, சாமியார் பாக்குறாரு" என்று பல்லுக்குள் சொன்னான். அது ஒரு சாக்கு. ஓடிப்போய் நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார், அதற்கும் நான் கத்தித்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இரண்டாவது பாட்டு தொடங்கிவிட்டது.

அப்பா, ஒனக்குக் காது மந்தம்.

நாலு குழாயில் என் குரல். கூட்டத்துக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனம் என்றுதான் நினைத்திருப்பார்கள். தப்பில்லை, அதுதான் அது. சில தலைகள் நிமிர்ந்தன. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு என்று வந்தபோது இன்னும் சில. அப்பா ஸ்பீக்கரிலிருந்து காதை எடுக்கவில்லை. அவர் கை வால்யூம் திருகின்மேல் இருந்தது. பதினோரு பேப்பரும் வரிசையாகப் போயின. ஜெனரேட்டர் வந்தது. நிறுத்தவில்லை அவர். கடைசி வரி வரை கேட்டார். அப்புறம் எந்தப் பாட்டையும் முடிக்கிற மாதிரி, படக்கென்று வெட்டாமல், மெதுவாகத் திருகிக் குறைத்தார். மைக்கை எடுத்து, சிலுவையை முத்தமிட வரிசையாக வரும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

சாயங்காலம் கூட்டாளிக்கு போன் செய்தேன். அவன் பஸ் ஸ்டாண்டில் லீவுக் கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்ளோ பேரு கேட்டாங்க?"

"ஆயிரம் பேர்டா, அறிவுகெட்டவனே."

"அப்ப ரிலீஸ் ஆயிடுச்சுடா மச்சான்!" என்று கத்தினான். பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. "ஒங்கப்பா?" என்றான். கஞ்சி குடிக்கப் போக வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அன்றைய ஒருசந்தி நோன்பை முடித்துக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தோம். அம்மாவுக்குத் தெருவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது. அவள் கத்தவில்லை. அந்த வீட்டில் கத்தாமல் ஒரு வேளை சாப்பாடு நடந்தது அன்றைக்குத்தான். அப்பா பாதிக் கஞ்சியில் நிமிர்ந்தார்.

"ஹை ஜாஸ்தி வச்சிட்ட. கொழாய்ல சீறுது."

நான் கிண்ணத்தையே பார்த்தேன்.

"பின்னால ஒரு இருமல் கேட்டுதே. அது நாந்தான?"

தலையாட்டினேன்.

"அங்கதான் ஒக்காந்துகினு இருந்தனா?"

அதற்கும் தலையாட்டினேன். அவர் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"சத்தமா சொல்லியிருந்தா எனக்கு மட்டும் கேட்டிருக்கும்டா. மெதுவா சொன்ன, ஊருக்கே கேட்டுப்போச்சு."

திட்டு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு, நாளைக்குக் குழாய் கட்ட ஏணி வேண்டும், எடுத்து வை என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மதியம் ஈஸ்டருக்காகக் கோயில் முன்னால் இருந்த தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டினேன். போகிற வழியில் ஒரு அத்தை நிறுத்தி, "பதினோரு பேப்பராமே?" என்று கேட்டாள். ஆமாம் அத்தை என்றேன். மரத்தின் மேலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கத் தெரிந்தது. பெண்கள் கோயிலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் மெழுகுவத்திகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்பா மைக்கைச் செருகிவிட்டு இரண்டு முறை தட்டினார். கழுவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். உபதேசியார் நிமிர்ந்தார். மூன்று வருடமாக அந்த மைக்கில் அடுத்து என்ன வரும் என்று ஊருக்கே மனப்பாடம்.

"ஹலோ" என்றார் அப்பா. "ஹலோ."

நிறுத்தினார். குழாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"ஒன்" என்றார். "டூ. த்ரீ."

நான் தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் படிப்பைச் சொன்ன மூன்று வருடமும் எனக்கு மானம் போயிற்று என்று சொன்னேன் இல்லையா, அதெல்லாம் சும்மா. மானம் போனது அன்றைக்குத்தான். ஒன், டூ, த்ரீ என்று எல்லா மைக் செட்டுக்காரர்களும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார்.

"மேல கேக்குதாடா?"

"கேக்குதுப்பா" என்றேன். அழுகையில் அது கிசுகிசுப்பாகத்தான் வந்தது. அவருக்குக் கேட்கவில்லை. கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கோயில் கழுவுகிறவர்கள், உபதேசியார், தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சை இழுத்து, இருக்கிற சத்தம் எல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"கேக்குதுப்பா!"

அவர் தலையாட்டினார்.